களத்தில் சொல்லக்கூடாத சொல்

இந்த அத்தியாயத்தை எழுதாமல் பல வருஷம் கடத்திவிட்டேன். குளம் உடைப்பெடுத்த கதை, யானை வாழைத்தோட்டத்தை மிதித்த கதை, என் தங்கையின் கலியாணத்தில் மழை பெய்து பந்தல் விழுந்த கதை என்று கிழமைக்குக் கிழமை எதையெல்லாமோ எழுதினேன். ஒவ்வொரு முறையும் இந்தக் கதை வேலிப் படலையடியில் வந்து நிற்கும். "இன்னும் கொஞ்சம் பொறு" என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

காரணம் ஒரு சொல்தான். அதை அச்சில் போட்டால் சம்பந்தி வீட்டார் வாசிப்பார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்ற பயம். கடைசியில் மகளிடமே கேட்டேன். "எழுதுங்கோ அம்மா. என்ர கதையும்தானே அது" என்றாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டுத் தொடங்குகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரம்பில் நின்றேன்

கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தக் காலைதான். என் தலையில் சோற்றுப் பெட்டி. சுடுசோற்றின் சூடு ஓலைப்பெட்டியையும் சும்மாட்டையும் கடந்து உச்சியில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றெல்லாம் வைக்கோல் தூசு. தும்மல் வந்தால் பெட்டி சரிந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வயல் வரம்பில் நின்றேன்.

வவுனியாவுக்கு வடக்கே, ஓமந்தையிலிருந்து காட்டுப்பாதையில் உள்ளே போனால் எங்கள் குளம். குளத்தின் கீழே வயல்கள். எங்கள் பக்கத்தில் சூடு மிதிக்கிற, அதாவது கதிரை மிதித்து நெல் எடுக்கிற, களத்துக்குள் பெண்கள் போவதில்லை. வரம்பில் நின்று குரல் கொடுத்தால் ஆண்கள் வந்து சோற்றை வாங்கிப் போவார்கள்.

களத்தின் நடுவில் நெல் குவிந்து கிடந்தது. மூன்று குடும்பங்களின் நெல் ஒரே குவியலாக. உச்சியில் சாணத்தால் பிடித்த பிள்ளையார், தலையில் அறுகம்புல். கந்தையாண்ணை நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தார். களம் அவருடையது. எங்கள் சின்ன வயலையும் அவர்தான் பாதிப் பங்குக்குச் செய்துகொடுத்தார். என் வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் பதரைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கை ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றை இப்போதே சொல்லவேண்டும். நெல் குவிந்திருக்கும் களத்தில் சில சொற்களைச் சொல்லக்கூடாது. 'இல்லை' என்று சொல்லக்கூடாது. 'குறை' என்று சொல்லக்கூடாது. 'முடிஞ்சுது' என்றும் சொல்லக்கூடாது. சொன்னால் பொலி நெல் குறைந்துபோகும், பிள்ளையார் கோபிப்பார். தண்ணீர்க்குடம் வற்றிக் கிடந்தாலும் "குடத்தை நிறைச்சுக்கொண்டு வா" என்றுதான் சொல்வார்கள். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது.

அன்று வந்தவருக்குத் தெரியாது.

சைக்கிள் மணி கேட்டுத் திரும்பினேன். வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு இளைஞர், கழுத்தெல்லாம் வியர்வை. இயலாத குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற காசு சரியான ஆட்களுக்குத்தான் போகிறதா என்று பார்க்க வவுனியாவிலிருந்து வருகிற விசாரணை ஐயா. முன்பு வந்தவர் ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரோடு வருவார். இவர் புதியவர். விதானையார் வழக்கொன்றுக்காக வெளியூர் போயிருந்ததால் தனியே வந்துவிட்டார்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரே களத்துக்குள் கால் வைத்தார். சப்பாத்தோடு.

"ஐயா, ஐயா! சப்பாத்து!" கந்தையாண்ணை கத்தினார். "கழட்டிப்போட்டு வாங்கோ. சாமி இருக்கிற இடம்."

அவர் முகம் சிவந்தது. குனிந்து கழற்றினார். வெறுங்காலில் வைக்கோல் குத்த, கொக்கைப் போலக் காலை மாற்றி மாற்றி வைத்து வந்தார். களத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் சுருங்கிப்போய்த்தான் அவர் அவசரப்பட்டார் என்று நினைக்கிறேன். அது எங்களுக்குப் பின்னால் எவ்வளவு பாடாகப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி, "ஆர் அது?" என்றார்.

"நான்தான் ஐயா."

"மாதக் காசு ஒழுங்கா வருகுதோ?"

"வருகுது ஐயா."

"வீட்டுப்பாடு எப்பிடி? சாப்பாடெல்லாம்?"

என் வீட்டுக்காரர் குவியலை ஒருமுறை பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். "நிறைஞ்சு கிடக்கு ஐயா" என்றார்.

"அப்ப குறையொண்டும் இல்லை?"

"ஐயோ, அந்தச் சொல்லுகளை இஞ்ச சொல்லாதேயுங்கோ!" கந்தையாண்ணை பதறிப்போனார். "வாங்கோ, அங்கால மரத்தடியில இருந்து கதைப்பம்."

"எனக்கு இருந்து கதைக்க நேரமில்லை. பஸ்ஸுக்குப் போகவேணும்." மறுபடி என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "நீர் சொல்லும். நிறைவாத்தான் இருக்கோ?"

"நிறைவு ஐயா."

அவர் எழுதிக்கொண்டார்.

வரம்பில் நின்ற நானும் வாயைத் திறக்க முடியாது. களத்துக்குக் கேட்கிற தூரத்தில் நின்று 'குறை' என்று கூவுவேனா? சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவர் சைக்கிளில் ஏறினார். நான் சோற்றுப் பெட்டியோடு பின்னால் ஓடினேன். "ஐயா, ஐயா" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அவர் திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தார். "வேண்டாம் அம்மா, நான் சாப்பிட்டுத்தான் வந்தனான்!"

வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில்தான் எனக்கு வாய் திறந்தது. "குறை ஐயா, எங்களுக்குக் குறை!" என்று கத்தினேன். சைக்கிள் பாலை மரங்களுக்குள் மறைந்துவிட்டது. மரத்தில் இருந்த குரங்குகள்தான் கேட்டன.

பாலைப்பழக் காலம்

ஒற்றைக் கைக் கதைக்கு வருகிறேன். அதற்கு முந்திய வருஷம் பாலைப்பழக் காலத்தில் என் வீட்டுக்காரர் பழம் பொறுக்கக் காட்டுக்குப் போனார். பாலைப்பழம் தேன் போலிருக்கும், உதட்டில் பால் ஒட்டும். எங்களுக்குப் பிடிக்கும், கரடிக்கும் பிடிக்கும். அவர் மரத்தின் இந்தப் பக்கம், கரடி அந்தப் பக்கம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காணவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பி வந்தபோது இடது கன்னம் இருந்த இடத்தில் தையல். வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. மண்வெட்டி பிடிக்க முடியாது. தன் தலையைத் தானே இழுக்கவும் முடியாது. மகள் கமலம்தான் தினமும் காலையில் சீப்போடு வந்து அவருக்குத் தலை இழுத்துவிடுவாள்.

பெரிய றோட்டுப் பக்கம் போவதை அவர் ஒருநாளோடு விட்டார். சந்தியில் ஒரு குழந்தை அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுததாம். திரும்பி வந்து அதைச் சொன்னவர், பிறகு போகவேயில்லை.

அந்த நேரத்தில் ஊர் கைவிடவில்லை. காசு சேர்த்து ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து தந்தார்கள். அவர்களை அம்மன் காக்கட்டும். அந்தக் காசு ஆஸ்பத்திரிப் போக்குவரத்திலும் மருந்திலும் கரைந்தது. அதற்குப் பிறகு வீட்டில் மிஞ்சியது பயம். காலையில் எழும்பினால் அன்றைக்கு என்ன என்ற நினைப்பு. நாளைக்கு என்ன என்று நினைக்க அதில் இடமிருக்காது. இருந்த இடத்தில் இருக்க மாட்டேன். குசினிக்கும் கிணற்றடிக்கும் காரணமில்லாமல் நடப்பேன்.

அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்கு நின்றார். அவர் வந்து, "கமலத்தை என்னோட விடுங்கோ. அந்த வீட்டில ஒரு குழந்தையைப் பார்க்கிற வேலை. மூண்டு நேரமும் சோறு, வருஷத்துக்கு ரெண்டு சட்டை" என்றார். கெட்ட எண்ணமில்லை. தன் தம்பியின் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கண்டு சொன்னதுதான்.

கமலம் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "நான் போனால் அப்பாவுக்கு ஆர் தலை இழுக்கிறது?"

அந்தக் காசின் பெயர்

அந்த நேரத்தில்தான் விதானையார் எழுதிக் கொடுத்து எங்களுக்கு மாதக் காசு கிடைத்தது. ஊரில் அதற்குப் பெயர் பிச்சைச் சம்பளம்.

இதோ எழுதிவிட்டேன். இந்தச் சொல்லுக்குத்தான் இவ்வளவு வருஷம்.

என் வீட்டுக்காரர் அந்தப் பெயரை வாயில் எடுக்கமாட்டார். "அது வந்ததோ?" என்பார். "அது வந்தது" என்பேன். புருஷன் பெயரைச் சொல்லாமல் நான் சுற்றிவளைப்பது போல அவர் அந்தக் காசைச் சுற்றிவளைத்தார். தபால்கந்தோருக்கு நான்தான் போவேன்.

பெரிய காசா என்றால் இல்லை. ஒரு மாதத்துச் சாப்பாட்டுக்கே காணாது. ஆனால் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தபோதுதான் எனக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது.

வயல் செய்கிறவர்களுக்குச் சொன்னால் விளங்கும். ஒருநாள் மழை கொட்டிவிட்டுப் போகும். பார்க்கச் சந்தோஷம், பயிருக்கு அது காணாது. குளத்து வாய்க்காலில் முறை வைத்து வருகிற தண்ணீர் கொஞ்சம்தான். ஆனால் எங்கள் முறை எப்போது என்று தெரியும். தெரிந்தால் வரம்பு கட்டலாம், நாற்று வைக்கலாம். ஊர் சேர்த்துத் தந்தது மழை. மாதக் காசு முறைத் தண்ணீர்.

சந்தியில் சேகு நானாவின் கடை. அந்தக் காலத்தில் அரசாங்கம் பங்கிட்டுக் கொடுக்கிற கூப்பன் அரிசி மலிவு. மலிவென்றாலும் எடுக்கக் கையில் காசு வேண்டுமே. காசில்லாத குடும்பங்கள் கூப்பன் கொப்பிகளைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்துவிடும். அரிசியை அவர் எடுத்துக்கொள்வார். எங்கள் கொப்பிகளும் அவருடைய அலுமாரியில்தான் கிடந்தன.

முதல் காசோடு போய், "நானா, கொப்பியளைத் தாருங்கோ" என்றேன்.

"என்ன பாக்கியம்," என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், "குளத்துக்குள்ள புதையல் கண்டனியோ?"

"மாதக் காசு நானா."

"இந்த மாசம் குடுப்பாங்கள். அடுத்த மாசம் நீயே கொண்டுவந்து திருப்பித் தருவாய், இருந்து பார்." சொல்லிக்கொண்டே எடுத்துத் தந்தார்.

நான் திருப்பிக் கொடுக்கவில்லை. சில மாதம் போனபின் ஒருநாள், கடையில் இருந்த ஒரே கதிரையைத் துவாயால் தட்டிப்போட்டு "இரு பிள்ளை" என்றார். கடனுக்குக் கேட்டு நிற்கிறவளுக்கு யாரும் கதிரை போடுவதில்லை. எனக்கு இருக்கத் தெரியவில்லை. விளிம்பில் இருந்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அதைச் சொன்னால் இப்போதும் கமலம் சிரிப்பாள்.

முட்டையிடுகிற கோழியை விற்காமல் வைத்திருந்தேன். கமலத்துக்கு ஒரு சிலேற்றும் பள்ளிக்கூடச் சட்டையும் வந்தன. மச்சாளுக்கு, "இப்ப வேண்டாம், பிறகு பார்ப்பம்" என்று ஆள்விட்டுச் சொன்னோம்.

எல்லாவற்றிலும் பெரிது நெல். முன்பெல்லாம் கதிர் பால் பிடிக்கும்போதே வியாபாரி வந்து வரம்பில் நிற்பான். வீட்டில் ஒரு சதமும் இருக்காது. அவன் சொன்ன விலைக்குத் தலையாட்டிக் காசை வாங்கிவிடுவோம். களத்தில் நெல் குவியும்போது எங்கள் பங்கு ஏற்கெனவே வேறு ஆளுடையது. அந்த வருஷமும் வியாபாரி வந்தான். என் வீட்டுக்காரர், "இந்த முறை விக்கேல்லை. போட்டு வா" என்றார். மாதக் காசு இருந்ததால் வந்த வாய்.

அதனால்தான் அந்தக் காலையில் களத்தில் கிடந்த எங்கள் பங்கு எங்களுடையதாகவே கிடந்தது. கலியாணம் கட்டி வந்தபிறகு முதல்முறையாக. அவர் "நிறைஞ்சு கிடக்கு" என்றபோது அது வழக்கத்துக்காக மட்டும் வந்த சொல்லா, மனம் நிறைந்தும் வந்ததா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காசு நெல்லைக் காப்பாற்றியது. அந்த நெல்லைக் கண்டு காசை நிறுத்திவிட்டார்கள்.

வராத மாதம்

அடுத்த மாதம் தபால்கந்தோருக்குப் போனேன். "உங்களுக்கு ஒண்டும் வரேல்லை அம்மா." மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டுப் பாதையைப் பார்ப்பேன். சைக்கிள் சத்தம் கேட்டால் ஓடுவேன். பிள்ளையாருக்கு வைத்த பூ காய்வதற்குள் இன்னொரு பூ வைப்பேன்.

விதானையார் விசாரித்து வந்து சொன்னார். "நிறைவா இருக்கிற குடும்பம் எண்டு விசாரிக்க வந்தவர் எழுதிப்போட்டார். உங்கட வீட்டுக்காரரே நேரில போய்க் கதைச்சால்தான் சரிவரும். கடிதம் எழுதினால் இழுபடும்."

என் வீட்டுக்காரர் மாட்டேன் என்றார்.

"இஞ்சாருங்கோ, ஒருக்காப் போய்ச் சொன்னால் என்ன?"

"என்னத்தைச் சொல்லுறது? களத்தில பிள்ளையாருக்கு முன்னால நிறைவு எண்டு சொன்னனான். இப்ப போய் அது பொய்யெண்டு சொல்லவோ?"

"அப்ப நான் போய்ச் சொல்லுறன்."

"நீ சொன்னாலும் பொய் சொன்னவன் நான்தானே."

நானும் அதே பிள்ளையாரைக் கும்பிடுகிறவள். களத்துச் சொல்லை மறுத்து அடுத்த வருஷம் நெல் மணி பிடிக்காமல் சாவியாகப் போனால்? இது மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சொல்லலாம். எங்களுக்கு அது வீட்டுக் கூரை மாதிரி. அதற்குக் கீழேதான் இருந்தோம்.

எங்கள் பங்கு நெல்லோ, விதைநெல்லை ஒதுக்கி, ஆஸ்பத்திரிக் காலத்துக் கடனைக் கொடுத்தபின் சுருங்கிவிட்டது. கோழி போனது. பிறகு கூப்பன் கொப்பிகளை எடுத்துக்கொண்டு சேகு நானாவிடம் போனேன். "நான் சொன்னனான்தானே" என்று அவர் சொல்லியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். அவர் வாங்கி அலுமாரியில் வைத்தார். கதிரையைத் தட்டிப்போட்டார். நான் இருக்கவில்லை.

மச்சாள் வந்தார். கமலத்தின் இரண்டு சட்டைகளையும் ஒரு பழைய சேலைத் துண்டில் வைத்துக் கட்டினேன். சிலேற்றை அவளே எடுத்து என் கையில் தந்தாள். "தங்கச்சி பிறந்தால் குடுங்கோ" என்றாள்.

ஓமந்தைச் சந்தி

பஸ்கள் அரசாங்கத்துடையவையாகிக் கொஞ்சக் காலம். சந்தியில் றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் யாழ்ப்பாணம், இந்தப் பக்கம் நின்றால் வவுனியா. நாங்கள் யாழ்ப்பாணப் பக்கம் நின்றோம். மச்சாள், கமலம், நான், என் வீட்டுக்காரர்.

அவர் சந்திவரை வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலையில் துவாயைப் போட்டு, கன்னத்தை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் குழந்தை அழுத நாளுக்குப் பிறகு அன்றுதான் றோட்டுக்கு வந்தார்.

காலையில் புறப்பட்ட அவசரத்தில் கமலம் அவருக்குத் தலை இழுத்திருக்கவில்லை. பஸ் வரவில்லை என்று கண்டு மூட்டையை அவிழ்த்துச் சீப்பை எடுத்தாள். "அப்பா, குனியுங்கோ."

"விடு பிள்ளை, றோட்டில."

"குனியுங்கோ அப்பா. இனி ஆர் இழுக்கிறது?"

அவர் குனிந்தார். துவாய் விழுந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஆட்களெல்லாம் பார்க்க, அவள் எட்டி எட்டித் தலையை இழுத்துவிட்டாள். ஒரு பெண் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வடக்கே போகிற பஸ் முதலில் வந்திருந்தால் இந்தக் கதை வேறு. தெற்கே போகிற பஸ்தான் முதலில் வந்தது. இரைந்துகொண்டு வந்து எதிர்ப்பக்கம் நின்றது.

அவர் நிமிர்ந்தார். இடது கையால் மூட்டையைத் தூக்கினார். "பிள்ளை, வா." கமலத்தைக் கூட்டிக்கொண்டு றோட்டைக் கடந்தார். எனக்குக் கால்தான் முதலில் ஓடியது, புத்தி பிறகுதான் வந்தது.

"தம்பி! அது வவுனியா பஸ்!" மச்சாள் கத்தினார். "உனக்கென்ன விசரோ?"

அவர் மிதிபலகையில் நின்று சொன்னார். "நீ போ அக்கா. பிள்ளை வரமாட்டாள்."

"அப்ப நான் அங்க என்ன சொல்லுறது?"

பஸ் எடுத்துவிட்டது. மச்சாள் கேட்டதற்கு இன்றுவரை நாங்கள் மறுமொழி சொல்லவில்லை. அவர் அந்த வீட்டில் ஏச்சு வாங்கியிருப்பார், பாவம்.

பிள்ளை கையில் கொடுத்துவிட என் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த சில்லறை ரிக்கற்றுக்குப் போனது. திரும்பி வரக் காசில்லை என்பது வவுனியாவில் இறங்கியபிறகுதான் நினைவுக்கு வந்தது.

கந்தோரில்

வாசலில் நின்ற பியோன் ஊரைக் கேட்டுவிட்டு, "இண்டைக்கு உங்கட பகுதி ஆக்களுக்கு நாளில்லை. புதன்கிழமை வாங்கோ" என்றான்.

"இண்டைக்குத்தான் வரலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்ன விஷயம்?"

'அது' என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். துவாயைத் தோளில் போட்டார். முகம் முழுவதும் வெளிச்சத்தில்.

"நான் பிச்சைச் சம்பளக்காரன்" என்றார். உரத்த குரல். "என்ர பிச்சைச் சம்பளத்தை நிப்பாட்டிப்போட்டியள். அதைக் கதைக்க வந்தனான்."

காத்திருக்கப் போட்ட வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. கமலம் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிற ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்த்தாள்.

உள் அறையிலிருந்து வயதான பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார். "ஆரது சத்தம்? உள்ள விடும்."

என் வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு அந்த இளைஞரைக் கூப்பிட்டார். வெள்ளைக் காற்சட்டை, அதே ஆள்.

"நீர் இவரை எங்க வைச்சு விசாரிச்சனீர்?"

"வயலில சேர். நெல்லு மலை மாதிரிக் கிடந்தது. நிறைவெண்டு அவரே சொன்னவர்."

"களத்துக்குள்ள நிண்டோ கேட்டனீர்?"

"ஓம் சேர். சப்பாத்தையும் கழட்டச் சொன்னவை."

பெரிய கிளாக்கர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியால் துடைத்தார். "தம்பி, களத்தில நிண்டு கேட்டால் பிச்சை வாங்கித் தின்னுறவனும் ராசா மாதிரித்தான் மறுமொழி சொல்லுவான். உமக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லையோ?"

"நான் கொழும்பில வளந்தனான் சேர்" என்றார் இளைஞர். காது சிவந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அண்டைக்குப் பின்னால ஓடி வந்தது நீங்களோ அம்மா? சாப்பாடு தர வாறியள் எண்டு நினைச்சன்."

"சாப்பாடும் இருந்தது ஐயா" என்றேன். வேறென்ன சொல்ல?

பெரிய கிளாக்கர் சிரிப்பை விட்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டார். "அப்ப களத்தில நீர் சொன்னது பொய்யெண்டு எழுதட்டோ?"

இதற்குத்தானே அவர் வரமாட்டேன் என்று நின்றார்.

"எழுதாதேயுங்கோ ஐயா. அது மெய்" என்றார் அவர். "அண்டைக்கு அங்க நிறைவு. அந்த நிறைவே இந்தக் காசால வந்தது. மாசம் மாசம் வந்தபடியால்தான் பச்சையில விக்காமல் என்ர நெல்லை என்ர நெல்லாய்க் கண்டனான். இதை நிப்பாட்டினால் அடுத்த முறை இந்த ஐயா வந்து பார்க்க அங்க நெல்லு இராது." மூட்டையை முன்னால் எடுத்தார். "களத்தில சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தனான். எங்களுக்குக் குறை ஐயா. பிள்ளையை வேலைக்கு அனுப்புற அளவுக்குக் குறை. இது அவளின்ர உடுப்பு மூட்டை."

மூட்டையை மேசையில் வைத்தார். அதிலிருந்து சீப்பு நழுவி விழுந்தது. அந்த இளைஞர் குனிந்து எடுத்துக் கமலத்திடம் கொடுத்தார்.

அன்றைக்கே ஒன்றும் நடக்கவில்லை. "பார்த்துச் செய்யிறம், போட்டு வாங்கோ" என்றார்கள். வெயிலில் வீட்டுக்கு நடந்தோம். வழியில் ஒரு கோயில் கிணற்றில் தண்ணீர் குடித்தோம். எதிரே வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். துவாய் தோளிலேயே கிடந்தது.

மரத்தடி

காசு திரும்ப வரத் தொடங்கியது. நடுவில் நின்ற மாதங்களின் காசு வரவில்லை. விதைநெல்லில் கொஞ்சம் உலைக்குப் போய்விட்டது. அந்த வருஷம் வயலின் ஒரு மூலை தரிசாகக் கிடந்தது. கோழியை மறுபடி வாங்க நெடுநாள் எடுத்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டதென்று சொன்னால் பொய்.

ஆனால் கமலம் சிலேற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். முதல் காசு வந்த நாள், நான் தபால்கந்தோரிலிருந்து வந்து கிணற்றடியில் செம்பில் தண்ணீர் மொள்ளும்போது, அவர் முற்றத்திலிருந்து கேட்டார்: "பிச்சைச் சம்பளம் வந்ததோ?"

செம்பு கையிலிருந்து நழுவிக் கிணற்றில் விழுந்துவிட்டது. பாதாளக்கரண்டி இரவல் வாங்கித்தான் எடுத்தோம்.

அடுத்த சூடு மிதிப்புக்கு நான் மறுபடி சோற்றுப் பெட்டியோடு வரம்பில் நின்றேன். மறுபடி சைக்கிள் மணி. அதே இளைஞர். களத்தின் பக்கமே வரவில்லை. தூரத்தில் மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து, சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, நிழலில் இருந்தார். மரத்தடியில் சப்பாத்துக் கழற்றத் தேவையில்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கந்தையாண்ணை சிரித்தபடி, "உன்ர ஆள் வந்திட்டார், போ" என்றார். என் வீட்டுக்காரர் பதர் கூட்டுவதை விட்டு, களத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வரம்பைத் தாண்டி மரத்தடிக்கு நடந்தார். அந்த முறை குவியல் சின்னது. இளைஞர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இவர் வந்து குந்தும்வரை பார்த்திருந்துவிட்டு, "இப்ப சொல்லுங்கோ" என்றார்.

"குறைதான் ஐயா" என்றார் அவர், ஒரு கூச்சமுமில்லாமல்.

நான் பெட்டியை இறக்கி முதல் பிடி சோற்றைப் பிள்ளையாருக்கு என்று ஓரமாக வைத்தேன். அடுத்ததை வாழையிலையில் போட்டு மரத்தடிக்குக் கொண்டுபோனேன். இந்த முறை இளைஞர் வேண்டாமென்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. மாதாமாதம் சொன்னபடி வந்த கொஞ்சக் காசு ஒரு வீட்டில் என்ன செய்தது, நின்றபோது என்ன செய்தது என்பதை நான் கண்டபடி எழுதிவிட்டேன். வாசிக்கிறவர்கள் இதைப் பிறருக்கும் சொல்லுங்கள். அழகுக்காக ஒன்றும் கூட்டவேண்டாம், எங்கள் மானத்துக்காக ஒன்றும் மறைக்கவேண்டாம். அந்தக் காசின் பெயரையும் ஊர் சொன்ன பெயராகவே சொல்லுங்கள். எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், நெல் குவிந்த களத்தில் மட்டும் வேண்டாம். அங்கே யாராவது கேட்டால், மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.